போட்டோஷாப், டாலி, எக்செல், ஆட்டோகேட்: லினக்ஸுக்கு மாறுமுன் கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் பார்க்கிறார்கள். உடனே குறுக்கே வருவது "டாலி ஓடாதே" என்ற பேச்சு. கணக்கெழுதும் டாலி இல்லையென்றால் போட்டோஷாப். அதுவும் இல்லையென்றால் பத்து வருடமாக யாரும் கைவைக்காத, மேக்ரோ (உள்ளே ஓடும் சிறு நிரல்) வைத்த எக்செல். வீடு, சிறு அலுவலகம், டிடிபி கடை ஆகியவற்றில் லினக்ஸின் வகைகளான மின்ட் அல்லது உபுண்டு போட நினைக்கிறவர்களுக்காக இந்தப் பதில்கள்.

இந்த மென்பொருள்களை லினக்ஸுக்கு எழுதவே முடியாதா?

முடியும். எழுதியும் இருக்கிறார்கள். 1990-களில் போட்டோஷாப் 3 சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன் நிறுவனங்களின் யூனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடியான இயங்குதளம்) கணினிகளில் ஓடியது. ஆட்டோகேட் ரிலீஸ் 13 வரை யூனிக்ஸில் வந்தது. 1997-இல் வந்த ரிலீஸ் 14-தான் விண்டோஸுக்கு மட்டும் என்றானது. கோரல் நிறுவனம் 1999-இல் சொந்தமாக ஒரு லினக்ஸே வெளியிட்டது. அடுத்த ஆண்டு கோரல் டிரா 9-ஐ, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் துணையோடு லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதே 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கோரலில் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. கோரலின் லினக்ஸ் ஆசை அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. அடோபி தன் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஃப்ரேம்மேக்கருக்கு லினக்ஸ் சோதனைப் பதிப்பு விட்டுவிட்டுப் பின்வாங்கியது. லினக்ஸுக்கான அடோபி ரீடர் 2013-இல் 9.5.5 பதிப்போடு நின்றது.

ஆக, தடை தொழில்நுட்பத்தில் இல்லை, எத்தனை வாடிக்கையாளர் வாங்குவார்கள் என்ற கணக்கில் இருக்கிறது. மாயா, ஹூடினி, நியூக் மூன்றும் காசுக்கு விற்கும் சினிமா கிராஃபிக்ஸ் மென்பொருள்கள்தாம். மூன்றும் லினக்ஸில் ஓடுகின்றன. சினிமா கிராஃபிக்ஸ் கூடங்கள் சிலிக்கான் கிராஃபிக்ஸ் யூனிக்ஸிலிருந்து 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொத்தமாக லினக்ஸுக்கு நகர்ந்தபோது, அவர்களுக்கு விற்றவர்களும் கூடவே போக வேண்டியிருந்தது. ஒரே கூடம் நூற்றுக்கணக்கான உரிமங்கள் வாங்கும். எல்லா இயந்திரத்திலும் ஒரே ரெட் ஹாட் வகை லினக்ஸ் இருக்கும். அச்சகமும் ஆடிட்டர் அலுவலகமும் அப்படித் திரண்டு நகரவில்லை.

சின்ன நிறுவனங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. புதிய லினக்ஸில் தொகுத்த (கம்பைல் செய்த) நிரல், பழைய லினக்ஸில் அடிப்படை சி நூலகம் பழையது என்பதால் திறக்காது. அதனால் ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ்களில் மிகப் பழையதில் தொகுக்க வேண்டும், அல்லது தேவையான நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் போன்ற பொதிகளில் தர வேண்டும்.

மாறுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

மென்பொருள் பெயர்களைப் பட்டியல் போடாதீர்கள், கோப்புகளைப் பட்டியல் போடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் திறந்த கோப்புகளின் வகை என்ன, யாரிடமிருந்து வந்தன, யாருக்கு எந்த வடிவில் திரும்பிப் போயின என்று எழுதிப் பாருங்கள். போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவரின் பட்டியலில் பெரும்பாலும் பாஸ்போர்ட் அளவுப் படமும் பின்னணி வெட்டுவதும்தான் இருக்கும். எக்செல்தானே, எதிலும் பார்த்துக்கொள்ளலாம் என்பவரின் பட்டியலில் தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் போகும் மேக்ரோ படிவம் ஒளிந்திருக்கும். ஆளைக் கட்டிப்போடுவது மென்பொருளைவிடக் கோப்பு வடிவம், எழுத்துரு, டாங்கிள் (மென்பொருள் திறக்கச் செருகும் யூஎஸ்பி பூட்டு), உரிமம் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வைனில் போட்டால் எல்லாம் ஓடிவிடாதா?

வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸ் நிரல் கேட்கும் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருகிறது. உள்ளே விண்டோஸ் கிடையாது, அதனால் விண்டோஸ் உரிமமும் தேவையில்லை.

வேலை செய்யாமல் போகும் இடங்களை முன்கூட்டியே கணிக்கலாம். டாங்கிள் பூட்டும் சில நகல் தடுப்பு முறைகளும் விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் கர்னல் டிரைவரை எதிர்பார்ப்பவை. வைன் அந்த மட்டத்தில் இயங்குவதில்லை. அடுத்தது, உள்நுழைவுத் திரைக்காக உள்ளேயே ஒரு பிரவுசரைத் திறக்கும் புதிய சந்தா மென்பொருள்கள். நிறுவி பாதி ஓடி வெள்ளைத் திரையில் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பத்துப் பதினைந்து வருடம் பழைய, சீரியல் எண் மட்டும் கேட்கும் மென்பொருளுக்கு வாய்ப்பு அதிகம்.

வைனின் செயலித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிளாட்டினம் முதல் கார்பேஜ் வரை தரம் போட்டிருப்பார்கள். உங்கள் பதிப்புக்கு எதிரே உள்ள தரத்தை மட்டும் நம்புங்கள். பழைய போட்டோஷாப் சிஎஸ்6-க்குக் கிடைத்த தரம் இன்றைய சந்தாப் பதிப்புக்குப் பொருந்தாது. பாட்டில்ஸ் என்ற செயலி வழியாகப் போட்டால் மென்பொருளுக்கு ஒரு தனி 'பாட்டில்' உருவாக்கலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஃபிளாட்பேக்காகப் போட்ட பாட்டில்ஸுக்கு வெளி ஹார்டு டிஸ்க் தெரியாது. ஃபிளாட்சீல் செயலியில் அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தால் தெரியும். தமிழ் பெட்டி பெட்டியாக வந்தால் தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றை அந்தப் பாட்டிலின் விண்டோஸ் எழுத்துரு ஃபோல்டரில் போட்டுவிட்டுத் திரும்பத் திறங்கள். காசு கொடுத்து உதவி பெற விரும்புவோருக்குக் கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் கிராஸ்ஓவர் இருக்கிறது.

வைனில் ஓட்டினால் விண்டோஸ் வைரஸ் தொல்லை இல்லைதானே?

அப்படி நம்ப வேண்டாம். வைன் உங்கள் மொத்த டிஸ்க்கையும் 'இசட்' டிரைவாகக் காட்டுகிறது. கிராக் போட்ட மென்பொருளோடு வரும் எதுவும் உங்கள் வீட்டு ஃபோல்டரில் நீங்கள் தொடக்கூடிய கோப்புகளையெல்லாம் தானும் தொடும்.

போட்டோஷாப்புக்கு என்ன வழி?

சந்தாப் பதிப்பை லினக்ஸில் நிலையாக ஓட்டி அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. மற்ற வழிகள் வேலையைப் பொறுத்தவை.

பிஎஸ்டி கோப்பைத் திறந்து எழுத்தை மாற்றி ஜேபெக் எடுப்பதுதான் வேலை என்றால், பிரவுசரில் ஓடும் போட்டோபீ போதும். லேயர் அமைப்பும் குறுக்குவிசைகளும் போட்டோஷாப் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. படம் திருத்துவதற்கு ஜிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் ஃபில்டர்களைப் பிறகும் திருத்தும் வசதி வந்தது, பழைய 2.10-ஐப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். ஆனால் சிஎம்ஒய்கே-யிலேயே (அச்சின் நான்கு மை நிறமுறை) வேலை செய்யும் முறை ஜிம்பில் இன்னும் இல்லை. நிற முன்னோட்டமும் ஏற்றுமதியும்தான் உண்டு. அச்சுக்குப் போகும் படம் என்றால் கிரிட்டாவில் புதிய கோப்பு திறக்கும்போதே சிஎம்ஒய்கே என்று தேர்ந்தெடுக்கலாம்.

புகைப்படங்களை லைட்ரூமில் திருத்துகிறவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் உண்டு. லைட்ரூமில் செய்த திருத்தங்கள் முழுதாகக் கூட வராது. முடித்த படங்களை 16 பிட் டிஃப் ஆக எடுத்து வைத்துக்கொண்டு, புதிய படங்களை மட்டும் புதிய இடத்தில் தொடங்குங்கள்.

கோரல் டிரா, பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள்: டிடிபி கடைக்கு லினக்ஸ் சரிவருமா?

பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு முடிந்துபோன மென்பொருள். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் இன்னும் அதில் ஓடுகின்றன. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் டிராவும் ஸ்கிரைபஸும் திறக்கும். இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கோரல் கோப்புகளை இங்க்ஸ்கேப் திறக்கும், ஆனால் அதன் பட்டியலே 7 முதல் எக்ஸ்4 வரை என்றுதான் சொல்கிறது. எனவே மாறுவதற்கு முன்பு, விண்டோஸ் கையில் இருக்கும்போதே, அடிக்கடி மறு அச்சுக்கு வரும் வேலைகளைப் பிடிஎஃப் ஆகவும் எஸ்விஜி ஆகவும் எடுத்து வையுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் லினக்ஸிலும் ஓடும். எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் போதும். சிக்கல் வருவது லிப்ரே ஆபிஸின் தானியங்கித் திருத்தத்தில். பாமினியில் ஆங்கிலச் சின்ன 'எம்' அடித்தால் 'அ', பெரிய 'எம்' அடித்தால் 'ஆ'. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதி அணையாமல் இருந்தால் நீங்கள் அடித்த 'அம்மா' தானாக 'ஆம்மா' ஆகிவிடும். கருவிகள் பட்டியலில் தானியங்கித் திருத்த விருப்பங்களுக்குப் போய் முதலெழுத்துப் பெரிதாக்கல், இரட்டைப் பெரிய எழுத்துத் திருத்தம், மேற்கோள் குறி மாற்றம் மூன்றையும் அணையுங்கள். மேற்கோள் குறியிலும் அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

புது வேலையை யூனிகோடில் தொடங்குவதே நல்லது. தமிழக அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும், 1.5 வரிசையில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு சேர்ந்தது, 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய பாமினி உரையை யூனிகோடுக்கு மாற்ற 'ஓப்பன் தமிழ்' நூலகம் உதவும். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் பொதியை நிறுவி உள்ளீட்டு முறைகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது.

அச்சகத்துக்கு அனுப்புவது ஸ்கிரைபஸிலிருந்து, அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் எக்ஸ்-3 ஆக இருக்கட்டும். இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் இருக்கும். கறுப்பு எழுத்து நான்கு தகட்டிலும் விழுந்து ஓரம் மங்கலாக வருவதற்கு அதுவே காரணம். டாங்கிள் போட்டுத் திறக்கும் தமிழ் மென்பொருள் கடையில் இருந்தால் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். அதோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

எக்செல், வேர்டு?

வேர்டில் பெரும்பாலான தொல்லை எழுத்துருவால்தான். கேலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா என்று அதே அகலமுள்ள மாற்றுகள் இருக்கின்றன. நிறுவினால் ஆங்கிலப் பக்கங்கள் வரி பிசகாது. விண்டோஸின் லதா, நிர்மலாவுக்கு அப்படி அளவொத்த மாற்று இல்லை. நோட்டோ தமிழ் போட்டால் வரிகள் நகரும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். தமிழ்க் கடிதத்தை வெளியே அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

எக்செல்லில் எக்ஸ்லுக்அப், ஃபில்டர் போன்ற புதிய சூத்திரங்கள் லிப்ரே ஆபிஸ் 24.8-இல்தான் வந்தன. மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டோடும் வருவது 24.2, அதில் திறந்தால் பெயர்ப் பிழை காட்டும். ஃபிளாட்பேக்கில் புதிய லிப்ரே ஆபிஸைப் போட்டால் தீர்ந்துவிடும்.

மேக்ரோக்களில் செல்லைப் படித்து எழுதும் எளியவை ஓடும். ஆக்டிவ்எக்ஸ் பொத்தான், பவர் குவெரி, பவர் பிவட் ஓடாது. வருமான வரித்துறையின் மேக்ரோ எக்செல் படிவங்களையும் இந்த வகையில்தான் வைக்க வேண்டும். வலைதளத்திலேயே நேரடியாகத் தாக்கல் செய்வது சுலபம். பிரவுசர் எக்செல் இலவசம், தோற்றமும் பிசகாது. ஆனால் அதிலும் மேக்ரோ ஓடாது.

டாலிக்கு வழி உண்டா?

டாலி பிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வைனில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தை அதில் வைக்காதீர்கள். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுபடி சோதிக்க வேண்டும், மார்ச் மாதக் கடைசியில் திறக்கவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை.

நடைமுறையில் கைகொடுப்பது ஒரு விண்டோஸ் கணினி, மற்றவை லினக்ஸ் என்ற ஏற்பாடு. டாலி இருக்கும் கணினி விண்டோஸ் புரோவாக இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. டாலி கணினிக்கு ரவுட்டரில் நிலையான உள் முகவரி கொடுத்து, விண்டோஸ் அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குங்கள். லினக்ஸ் கணினியில் ரெமினா என்ற ரிமோட் இணைப்புச் செயலியைத் திறந்து, ஆர்டிபி என்று தேர்ந்து, அந்த முகவரியையும் பயனர் பெயரையும் கொடுத்தால் டாலி திரை வந்துவிடும்.

முதல் நாளே இடறும் இடம் விசைப்பலகை. டாலியில் கணக்குக் காலத்தை மாற்ற ஆல்ட் எஃப்2 அடித்தால் டாலிக்குப் போகாமல் மின்டின் கட்டளைப் பெட்டி திறக்கும். ரெமினாவின் மேல்பட்டையில் எல்லா விசைகளையும் பிடித்துக்கொள்ளும் பொத்தானை அழுத்துங்கள். அல்லது மின்டின் விசைப்பலகை அமைப்பில் அந்தக் குறுக்குவிசையை நீக்குங்கள். பிரிண்டரை விண்டோஸ் கணினியிலேயே இணைப்பது நல்லது. லினக்ஸ் பக்கம் கோப்பு வேண்டுமென்றால் ரெமினா இணைப்பில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, டாலியிலிருந்து பிடிஎஃப் அல்லது எக்செல்லை அதில் இறக்கலாம்.

விண்டோஸ் புரோ ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே போவார். மூன்று பேர் சேர்ந்து பில் போட வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ரிமோட் இணைப்பு உரிமங்களும், டாலியின் பலபயனர் கோல்டு உரிமமும் வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டாலி நிறுவனமே கிளவுடிலும் தருகிறது, அதை லினக்ஸிலிருந்தும் அணுகலாம்.

டாலியை விட்டே வெளியேற நினைப்பவர்களுக்கு மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, நிர்வாக மென்பொருள் இருக்கிறது. ஜிஎஸ்டி வசதியும் உண்டு. ஏப்ரல் 1-ஐ மாற்ற நாளாக வையுங்கள். இருப்புகளை மட்டும் புதியதில் ஏற்றுங்கள். பழைய ஆண்டுகள் டாலியிலேயே படிக்கக் கிடைக்கட்டும்.

ஆட்டோகேட்?

பணம் கொடுக்கத் தயார் என்றால் பிரிக்ஸ்கேட், ஏரெஸ் கமாண்டர் இரண்டும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி-தான் அவற்றின் கோப்பு வடிவமும். ஆட்டோகேட்டுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் நிரல்கள் வைத்திருப்பவர்கள் சோதனைக் காலத்தில் அவற்றை பிரிக்ஸ்கேட்டில் ஏற்றிப் பாருங்கள். லிப்ரேகேட் இலவசம், டிடபிள்யூஜி-யை ஓரளவு திறக்கும், அதில் சேமிக்காது. பொறியாளரிடமிருந்து வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் வடிவில் கேட்டு வாங்குங்கள். அளவு பார்த்து சின்னத் திருத்தம் செய்ய ஆட்டோகேட் வெப் போதும்.

வீடியோ எடிட்டிங்?

டாவின்சி ரிசால்வ் லினக்ஸுக்கே வருகிறது, ஆனால் இலவசப் பதிப்பு லினக்ஸில் ஹெச்.264, ஹெச்.265 காட்சிகளைத் திறக்காது. செல்போன், கேமரா எல்லாம் தருவது அதைத்தான். படம் வராமல் சத்தம் மட்டும், அல்லது இரண்டும் இல்லாமல் நிற்பதைப் பார்த்து நிறுவலில் தவறு என்று திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஷட்டர் என்கோடர் என்ற மாற்றிச் செயலியில் காட்சியை டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவுக்கும் ஒலியைப் பிசிஎம் வடிவுக்கும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். முழு ஹெச்டி ஒரு மணி நேரத்துக்கு உயர்தரத்தில் சுமார் 80 ஜிபி பிடிக்கும். டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு கேடன்லைவ் நல்லது, பெரும்பாலான கோப்புகளை மாற்றாமலே திறக்கும்.

மெய்நிகர் கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டால்?

லினக்ஸுக்குள் ஒரு சன்னலில் முழு விண்டோஸையே ஓட்டுவது இது. மாதம் இரண்டு முறை திறக்கும் மென்பொருளுக்கு இதுதான் சரியான வழி. கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால் சுகம். 8 ஜிபி-யில் விண்டோஸுக்கு 4 கொடுத்துவிட்டால் மீதியில் பிரவுசர் திணறும். மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 7.0 முதல் மெய்நிகர் டிபிஎம் உண்டு, ஆகவே விண்டோஸ் 11-ஐயும் போடலாம்: 64 ஜிபி டிஸ்க், 2 பிராசஸர், 4 ஜிபி ரேம் குறைந்த அளவு. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கானது; மெய்நிகரில் போட வேறு உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு இது கைகொடுக்கும். யூஎஸ்பி பட்டியல் காலியாகத் தெரிந்தால் உங்கள் பயனர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் இல்லை என்று பொருள். சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். கனமான கிராஃபிக்ஸ் வேலைக்கு மெய்நிகர் ஆகாது.

ஒரே கணினியில் இரண்டையும் போட்டால் என்ன சிக்கல் வரும்?

மூன்று. விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காவிட்டால் லினக்ஸில் அந்த டிரைவ் படிக்க மட்டும் திறக்கும். கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் அணைக்கலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு டிஸ்க்கைத் தொடுங்கள். மூன்றாவது, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம்.

பிரிண்டர் ஓடுமா?

வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, மாறியபின் எல்லோரும் கேட்கிறார்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஹெச்பிலிப் பொதியோடு அதன் தனியுரிமைச் செருகுநிரலையும் இறக்க வேண்டும். இல்லையென்றால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் வராது. கேனான் எல்பிபி 2900-க்கு கேப்ட் டிரைவர் தேவை, அதை நிறுவி நிலையாக வைப்பது பொறுமையைச் சோதிக்கும். பென்டிரைவில் லினக்ஸை நேரடியாக ஓட்டி, நிறுவும் முன்பே ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள்.

விற்பனையாளரிடம் லினக்ஸ் பதிப்பு கேட்டால் தருவார்களா?

பெரிய நிறுவனங்களிடம் பலர் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்கவில்லை. வடிவமைப்பு மென்பொருளான அஃபினிட்டி 2025-இல் இலவசமாகவே ஆனது. அப்போதும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். உள்ளூர் பில்லிங், மருத்துவமனை, பள்ளி மென்பொருள் செய்பவர்களிடம் கேட்டால் பலன் இருக்கும், கேட்கும் விதத்தில் கேட்டால். "லினக்ஸுக்கு எழுதித் தருவீர்களா" என்றால் இல்லை என்று வரும். "பிரவுசரில் ஓடும் பதிப்பு உண்டா, என் தரவை முழுதாக சிஎஸ்வி-யில் எடுக்க முடியுமா, டாங்கிள் இல்லாமல் உரிமம் தர முடியுமா" என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்கும் வாரத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள்.